கற்பனை நாட்டின் குடிக்கணக்கு

எங்கள் பங்கு மன்றத்தின் மாடியறையில் சனிக்கிழமை தோறும் மாலையில் ஐந்து இளைஞர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பகடை உருட்டுகிறார்கள் என்னும் செய்தி, அன்பியக் கூட்டமொன்றில்தான் என் செவிக்கு எட்டியது. சொன்னவர் அவர்களுள் ஒருவனுடைய தாயார். பகடையோடு பேய், பிசாசு, மாந்திரீகம் என்ற பேச்சும் அங்கே அடிபடுவதாக அவர் கண்கலங்கக் கூறினார். பகடை என்றவுடன் சகுனியும், சிலுவையடியில் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப்போட்ட போர்வீரரும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அடுத்த சனிக்கிழமை, கண்டிக்க வேண்டிய முகத்தோடு நான் படியேறினேன்.

அங்கே கண்டது வேறு. மேசைமேல் காசில்லை, இதனை முதலில் உறுதிசெய்துகொண்டேன். பகடைகள் இருந்தன, அவற்றுள் ஒன்றுக்கு இருபது முகங்கள். ஒருவன் கதை சொல்பவன். மற்ற நால்வரும் கதைமாந்தர். ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன்; நான்காமவன் குருவானவராம். (இவன் பீடச் சிறுவனாய் இருந்தபோது தூபக்கலசத்தைக் கீழே போட்டவன்.) இருண்ட குகைக்குள் கதவு திறக்குமா, எதிரியின் வாள் தைக்குமா என்பதைப் பகடை முடிவுசெய்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான விளையாட்டாம் இது. அதில் வரும் பிசாசுகளைப் பற்றிக் கேட்டால், நம் ஊர்களில் பாஸ்கா நாடகத்தன்று கொம்பு வைத்துக்கொண்டு குழந்தைகளை விரட்டும் சாத்தானைவிடக் கொடியவையாக எனக்குத் தோன்றவில்லை. தாய்மார் இது குறித்து நிம்மதியடையலாம்.

என் கண்ணைக் கவர்ந்தது மேசைமேல் விரித்திருந்த வரைபடம். கதை சொல்லும் தம்பி பொறியியல் படிப்பவன், நன்றாக வரைவான். நடுவே பொன்வேய்ந்த கோபுரங்களோடு ஒரு தலைநகரம். ‘மக்கள் தொகை 10 இலட்சம்’ என்று அதன்மேல் எழுதியிருந்தான். சுற்றிலும் காடு, மலை, பாலை. மூலைக்கொன்றாக மூன்று சிற்றூர்கள். மலைக்குகையில் ஒரு பறவைநாகம். திருவெளிப்பாட்டு நூலில் வரும் அரக்கப் பாம்பின் இனத்தது போலும்.

“தம்பி, இந்தப் பத்து இலட்சம் பேரும் எதைச் சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “அது விளையாட்டுக்குத் தேவைப்படாது ஃபாதர்.”

தேவைப்படாது என்பது எனக்கு உடன்பாடாக இல்லை. பறவைநாகத்தை நான் நம்பிவிடுவேன். கதை கேட்பவன் அவ்வளவு கடன்பட்டவன்தான். ஆனால் நெல் விளையாத ஊரில் பத்து இலட்சம் பேர் உயிரோடிருப்பதை எவ்வாறு நம்புவது? கரும்பலகையருகே அழைத்துப்போய்க் கணக்குப் போட்டோம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் பத்து இலட்சம் பேருக்கு 500 டன். இரட்டை மாட்டுவண்டியில் 75 கிலோ மூட்டைகள் பத்து ஏற்றலாம் எனக் கொண்டால், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 670 வண்டிகள் நகர வாயிலில் நுழைய வேண்டும். வர மூன்று நாள், திரும்ப மூன்று நாள், இறக்கி ஏற்ற ஒரு நாள் என்றால், எந்நேரமும் பாதையில் 4,700 வண்டிகளும் 9,400 மாடுகளும் இருந்தாக வேண்டும். அந்த மாடுகள் வைக்கோல் தின்னும், வண்டிக்காரரும் உண்பர். விறகு, எண்ணெய், உப்பு, பருப்பு ஆகியவற்றுக்கு இன்னும் நாங்கள் வரவேயில்லை.

இனி விளைவிப்பவரைப் பார்ப்போம் என்றேன். ஏரும் மாடும் கொண்டு உழும் பத்துக் குடும்பங்கள் தாம் உண்டு, விதைநெல் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டு ஒரு நகரத்துக் குடும்பத்துக்குச் சோறிட இயலும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நகரத்தில் இரண்டு இலட்சம் குடும்பங்கள் எனில், உழவர் குடும்பங்கள் 20 இலட்சம்; அதாவது ஒரு கோடிப் பேர். ஊருக்கு நாற்பது வீடு, இருநூறு தலை என்றால், 50,000 சிற்றூர்கள். வரைபடத்திலோ மூன்று.

“அப்படியானால் என் நாடு ஒரு வாரத்தில் செத்துவிடும் ஃபாதர்” என்றான்.

உண்மையில் பண்டைய உலகில் பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரம் இல்லாமலில்லை. உரோமை நகரம் அத்தகையது என்றே வரலாற்றறிஞர் பலர் கணிக்கின்றனர். ஆனால் அதற்குச் சோறிட்டது மாட்டுவண்டியன்று, கடல். எகிப்தின் கோதுமையை அலெக்சாந்திரியாவிலிருந்து பெருங்கப்பல்கள் சுமந்து வந்தன. திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கைதியாக ஏறிச்செல்வது அத்தகைய கப்பலொன்றில்தான். அதில் 276 பேர் இருந்தனர் என்று லூக்கா எண்ணிச் சொல்கிறார். புயலில் கப்பலை இலேசாக்கக் கடலில் எறியப்பட்டது கோதுமை என்பதையும் குறித்துவைக்கிறார். இத்தனை ஆண்டுகள் அந்தப் பகுதியைப் புயலுக்காகவும் பவுலின் திடத்துக்காகவும் மட்டுமே பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் கோதுமை ஒரு தலைநகரத்தின் காலையுணவு என்பது, ஒரு பொறியியல் மாணவனின் வரைபடத்தைப் பார்த்த பின்னரே எனக்கு உறைத்தது. ஆகவே, தலைநகரத்தைப் பாலையிலிருந்து எடுத்துத் துறைமுகத்தில் வை என்று தம்பிக்குச் சொன்னேன்.

அவனுடைய பிழைக்குக் காரணம் சோம்பலன்று. அவன் பிறந்து வளர்ந்த நாடு அப்படி. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழகத்தின் மக்கள் தொகை 7 கோடியே 21 இலட்சம். சென்னையும் அதனோடு ஒட்டிய நகர்ப்பகுதிகளும் சேர்ந்து 86 இலட்சத்துக்கு மேல். எட்டுப் பேரில் ஒருவர் தலைநகரத்தவர். மாநில மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நகரங்களில் வாழ்கின்றனர். இதையே இயற்கை என்று எண்ணி அவன் வாளும் வில்லும் ஏந்திய காலத்துக்குள் இதனைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். 1871இல் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக ஒழுங்கான கணக்கெடுப்பு நடந்தபோது மாகாணத்தில் இருந்தோர் 3 கோடியே 12 இலட்சம் பேர். சென்னை நகரில் இருந்தோர் 3,97,552 பேர். நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். அடுத்த பெரிய நகரமாகிய திருச்சிராப்பள்ளியில் 76,000 பேர் அளவே. தஞ்சையும் மதுரையும் தலைக்கு 52,000 அளவில் நின்றன. அக்காலத்தில் இரயிலும் நீராவிக் கப்பலும் வந்துவிட்டன என்பதை மறவாதிருக்க. அவற்றுக்கு முந்தைய நாட்டைக் கற்பனை செய்பவன் இதனினும் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். முப்பதாயிரம் பேர் கொண்ட ஊர் அக்காலத்தில் பெருநகர்.

இதற்கெல்லாம் சீமைப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை என்பதுதான் நான் அவர்களுக்கு முக்கியமாகச் சொன்னது. நாம் நிற்கும் இந்த மண்ணுக்கே, இயந்திரம் வருமுன் வாழ்ந்த நிலையில் எடுத்த கணக்கொன்று உண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். வரி எவ்வளவு தேறும் என்று அறியவேண்டிக் கம்பெனியார் தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளரை அளவைக்கு அனுப்பினர். 1767 முதல் 1774 வரை அவர் ஏறத்தாழ 2,000 ஊர்களைச் சுற்றிவந்தார். பூந்தமல்லிச் சீமையும் அதில் அடக்கம். ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் வைத்திருந்த கணக்குகளே அவருக்கு ஆதாரம். அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. காந்தியவழி ஆய்வாளராகிய தரம்பால் (1922–2006) இக்கணக்குகளைத் தேடியெடுத்து வெளிச்சத்துக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர். நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எத்தனை, தோப்பு எவ்வளவு, எந்தத் தொழிலார்க்கு எத்தனை வீடு என்று ஊர்வாரியாக அதில் உண்டு. வரி வாங்க வந்தவன் எழுதியதாயினும், ஒரு நாட்டின் உடற்கூறு முழுவதும் அதில் தெரிகிறது.

அந்தக் கணக்கைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, ஊர்கள் எவ்வளவு சிறியவை, எவ்வளவு நெருக்கமானவை என்பதே. ஓர் ஊரின் கோவில் மணியோசை அடுத்த ஊருக்குக் கேட்கும். தம்பியின் வரைபடத்தில் ஒரு சிற்றூரிலிருந்து மற்றதற்குக் குதிரையில் நான்கு நாள் பயணம். இந்த நாட்டில் நான்கு நாள் யாருமில்லாத வழியில் போக முடியாது. ஏரிக்கரை தோறும் ஓர் ஊர். செம்பரம்பாக்கம் ஏரி இன்று 3,645 மில்லியன் கன அடி கொள்வது. சென்னையின் தாகம் தீர்ப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் பெயரை அறியாதார் இல்லையாயினர். ஆனால் அது வெட்டப்பட்டது குடிநீருக்கன்று, நெல்லுக்கு. மதகு இருக்குமிடத்தில் வாய்க்கால், வாய்க்கால் போகுமிடத்தில் ஊர். குடிகள் எங்கே பரவினர் என்று அறிய வேண்டுமானால் அரசன் கோட்டையைப் பார்க்காமல் மதகுகளைப் பார்க்க வேண்டும். “முதலில் ஏரியை வரை, பிறகு ஊர் தானாக முளைக்கும்” என்றேன். இதை ஒரு விதி போலவே அவன் எழுதிக்கொண்டான்.

அடுத்தது தூரம். கோட்டையிலிருந்து பூவிருந்தவல்லி 13 மைல். ஸ்ரீபெரும்புதூர் 25 மைல். காஞ்சிபுரம் ஏறத்தாழ 45 மைல். பாரவண்டி மாடு ஒரு நாளில் அவிழ்க்காமல் போகக்கூடிய தொலைவு பன்னிரண்டு மைல் அளவு என்று கொள்க. நெடுஞ்சாலையில் பெரிய ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் நின்றன என்பது விளங்கிவிடும். மாட்டை அவிழ்க்குமிடத்தில் சத்திரம் தோன்றும். சத்திரத்தருகே கொல்லன், இலாடம் கட்டுபவன், வைக்கோல் விற்பவன், பூ விற்பவள், பிறகு சந்தை, பிறகு தாசில்தார். நம் பூந்தமல்லியின் வரலாற்றில் பெரும்பகுதி மாட்டின் களைப்பினால் ஆயது என்று நான் சொன்னபோது அந்த ஐவரும் சிரித்தனர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. மலர் வளர்த்துக் காஞ்சிப் பெருமாளுக்குக் கொண்டுசென்றவர் என்று வைணவர் போற்றும் அப்பெரியவரும் இவ்வழியேதானே நடந்திருப்பார்! இன்று இச்சாலையில் மெட்ரோ இரயில் தூண்கள் நிற்கின்றன. 2011இல் இந்நகராட்சியில் 57,224 பேர். மாடு களைப்படையாத காலத்தில் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலவில்லை.

மூன்றாவதாக, தொழில். அவர்களுடைய சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒரு மதுக்கடை, ஒரு வாள் செய்யும் கொல்லன், ஒரு மந்திரவாதி. வண்ணார் இல்லை. நாவிதர் இல்லை. மருத்துவச்சி இல்லை. குழந்தைகள் இல்லை. பிணம் எரிக்கவோ புதைக்கவோ ஆளில்லை. அவ்வளவு சண்டை நடக்கும் நாட்டில் இது பெருங்குறை. பார்னார்டின் ஏடுகளில் கணக்கன், தலையாரி, தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன், வெட்டியான், ஏரி நீர் பாய்ச்சுவோன், வைத்தியன், பள்ளி வாத்தியார் எல்லாரும் வருகின்றனர். நெல் அடிக்கும் களத்திலேயே, அரசனுக்கு அளக்குமுன், இவர்களுக்குரிய மேரை அளந்து ஒதுக்கப்பட்டது. நெசவாளர் பலர் வாழ்ந்த ஊர்களும் உண்டு. மீனவர் ஊர்களும் உப்பளங்களும் உண்டு. வீடே இல்லாத ஊர்களும் உண்டு; பெயரும் எல்லையும் மட்டும் மிஞ்சியவை.

ஊர் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றன்று, இரண்டு. ஊர் ஒரு பக்கம்; சேரி ஒரு பக்கம். உழுதவர் பலர் ஊருக்குள் இருந்தவரல்லர். வரைபடத்தில் சிற்றூருக்கு ஒரே புள்ளி வைத்தால் அது நம் நாட்டுச் சிற்றூராகாது என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஐவரில் இருவர் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும், மற்ற மூவருக்கும் தெரியும்.

நாங்கள் இப்படியே இரண்டு மூன்று சனிக்கிழமைகள் பேசினோம். மக்கள் தொகை ஒரே நிலையில் நிற்பதன்று என்பதற்கும் இம்மண்ணே சாட்சி. பார்னார்டு எண்ணி முடித்த ஆறு ஆண்டுகளில், 1780இல், ஹைதர் அலியின் குதிரைப்படை இந்நாட்டின் மேல் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினர், பின்னால் பஞ்சம் வந்தது. எண்ணிய வீடுகள் பலவற்றைப் பிறகு யாரும் காணவில்லை. நூறாண்டு கழித்து 1876–78இன் பெரும் பஞ்சம். 1871இல் 3 கோடியே 12 இலட்சமாக இருந்த மாகாணம் 1881இல் 3 கோடியே 8 இலட்சமாயிற்று. பத்தாண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டிய பிறகும் குறைவு. விவிலியத்தில் எண்ணிக்கை நூலைப் பலர் பெயர்ப்பட்டியல் என்று தள்ளிவிடுவர். அதில் இருமுறை தலை எண்ணப்படுகிறது. முதல் எண்ணிக்கையில் 6,03,550 ஆடவர், இரண்டாவதில் 6,01,730. பெரிய மாற்றமில்லை போலத் தோன்றும். உள்ளே பாருங்கள்: சிமியோன் குலம் 59,300இலிருந்து 22,200க்கு வீழ்ந்திருக்கிறது. மொத்தத் தொகை மறைப்பதைக் குலவாரிக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த முதியவர் இதில் விடாப்பிடியானவர். பழைய பங்கொன்றின் இறப்புப் பதிவேட்டை மேசைமேல் போட்டு, எந்த ஆண்டு காலரா, எந்த ஆண்டு பஞ்சம் என்று கண்டுபிடித்து வாருங்கள் என்பார். ஒரே வாரத்தில் ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை வந்திருந்த பக்கத்தை நான் இன்றும் மறக்கவில்லை. திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின் பங்குத்தந்தையர் பதிவேடுகள் வைப்பது கட்டாயமாயிற்று; 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூலில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு என்பவற்றோடு ஐந்தாவதாக ஓர் ஏட்டுக்கும் முறை வகுக்கப்பட்டது. ‘ஆன்மாக்களின் நிலை’ என்று அதற்குப் பெயர். வீடுவாரியாக யார் யார் இருக்கின்றனர் என்று பங்குத்தந்தை நடந்து சென்று எழுத வேண்டும். இக்கால அரசாங்கங்கள் ஒழுங்காகத் தலை எண்ணத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே நாம் ஆன்மாக்களை எண்ணினோம் என்று இளைஞர்களிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“நம்ம பங்குல எத்தனை பேர் ஃபாதர்?” என்று வரைபடம் வரைந்த தம்பி கேட்டான்.

குடும்ப அட்டைகளின்படி உள்ள எண்ணிக்கையைச் சொன்னேன்.

“அன்னைக்கு மழையில வந்தாங்களே, அவங்க அதுல உண்டா?”

வாசகர்கள் அறிய இதனைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, கொட்டும் மழையில் நான்கு வாலிபர்கள் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றனர். வடநாட்டுத் தொழிலாளிகள். அவர்களுடைய தோழனொருவன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவனைப் புதைக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் வராது. எனக்கு அவர்கள் மொழி வராது. ஒருவன் சட்டைப்பையிலிருந்து இறந்தவனின் செபமாலையை எடுத்துக் காட்டினான். நான் கேட்டது என்ன தெரியுமா? குடும்ப அட்டை உண்டா, எந்த அன்பியம், சந்தா யார் பெயரில் என்று கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு, பதிவில்லாதவருக்கு இடமில்லை என்பது பங்குப் பேரவையின் தீர்மானம், நானே கையொப்பமிட்டது. காலையில் பேரவையைக் கலந்து சொல்கிறேன், வாருங்கள் என்று சைகையால் தெரிவித்தேன். காலையில் அவர்கள் வரவில்லை. இரவோடிரவாகப் பொது இடுகாட்டில் புதைத்துவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்குக் குடைபிடித்து நின்ற பீடச் சிறுவன்தான் இப்போது எதிரில் அமர்ந்து இக்கேள்வியைக் கேட்டவன்.

“இல்லை” என்றேன். வேறு சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலிருந்து வரும் இத்தொழிலாளருள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் சோட்டாநாகபுரிக்கு வந்து, நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடியினருக்காக நீதிமன்றம் ஏறியவர். அவர் விதைத்த விசுவாசம் அது. அதைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் இரயிலில் வந்தவர்களை, ஞாயிறுதோறும் கடைசித் திருப்பலியில் கதவோரம் நிற்கும் ‘வடநாட்டுப் பையன்கள்’ என்றே நான் அறிந்திருந்தேன். பத்து இலட்சம் பேருக்குச் சோறு எங்கே என்று ஒரு மாணவனை மடக்கிய நான், நம் பாலங்களையும் அடுக்குமாடிகளையும் கட்டுவோர் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்டதில்லை.

இதுவும் போதாதென்று, இதே வாரத்தில் காலனியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியிடம் அட்டையைப் புதுப்பிக்கச் சென்றேன். “சாமி, உங்க நோட்டுல நாங்க ஒண்ணு, சர்க்கார் நோட்டுல வேற ஒண்ணு. ரெண்டுலயும் பேரு மட்டும் எங்களது” என்றார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக அரசுக் கணக்கில் ஒரு மதம், திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு மதம். இதனைப் பொய் என்று மேடையில் கண்டிப்போரை நான் அறிவேன். பசித்தவனிடம் முகவரி கேட்கும் சட்டத்தைக் கண்டித்த பிறகு அவர்களைக் கண்டிக்கலாம். தமிழகத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 6.12 என்று 2011இன் கணக்கு சொல்கிறது. நம் பங்குகளில் வீடுவீடாக நடந்தவர் எவரும் அதனை முழுமையான எண்ணாகக் கொள்ளார். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடைபெறாமல் தள்ளிப்போயிற்று.

அந்த ஐவரும் பகடையை மூடிவைத்துவிட்டு நான்கு ஞாயிறுகள் என்னோடு நடந்தனர். நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகைகள், கட்டி முடியாத மாடிகள், அறைக்குப் பன்னிரண்டு பேர் படுக்கும் வாடகைக் கூடங்கள். எண்ணுவது எளிதன்று. பகலில் போனால் ஆளில்லை. இரவில் போனால் சிலர் இரவுப்பணிக்குப் போயிருப்பர். ஒரே பாயில் இருவர் மாறி மாறி உறங்குவதால் பாயை எண்ணினால் பாதிதான் வரும். நோட்டுப் புத்தகத்தைக் கண்டவுடன் போலீஸ் என்று எண்ணிச் சிலர் பின்வழியே நழுவினர். அதன்பின் நோட்டை மறைத்துச் செபமாலையை முன்னே நீட்டினோம். முதல் ஞாயிறு 19 பேர் கிடைத்தனர். நான்காம் ஞாயிறு முடிவில் 137. பெண்கள் 22 பேர், குழந்தைகள் 9. அக்குழந்தைகளுள் நால்வர் திருமுழுக்குப் பெறாதவர். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பெற்றோர் காத்திருந்தனராம். அவ்வளவு அருகில், கோவில் மணி கேட்கும் தொலைவில்.

பேரவையில் விவாதம் நடந்தது. கல்லறைத் தோட்டத்தின் இடக்குறைவு உண்மை. அதனை எழுப்பியவர்களைக் குறைகூற நான் ஒருப்படேன். ஓராண்டுக்கு மேல் இங்கே வாழ்வோர் அட்டையில்லாவிடினும் பங்கு மக்களே என்று ஏழு வாக்கு அதிகத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. ஓராண்டு என்பது ஏன், ஒரு மாதம் என்றால் ஆகாதா என்று கேட்ட ஒருவருக்கு என்னால் நல்ல விடை சொல்ல முடியவில்லை.

தம்பியின் வரைபடம் இப்போது மாறிவிட்டது. தலைநகரம் கடற்கரைக்கு வந்து முப்பதாயிரம் பேராய்ச் சுருங்கிற்று. ஏரிகள் மட்டும் எழுபது. ஊர்ப்புள்ளிகளை வைத்து வைத்துக் கைவலிக்கிறது என்கிறான். பறவைநாகம் மாதமொரு மாடு தின்றால் எத்தனை ஊர் அதைத் தாங்கும் என்ற கணக்கில் இருவருக்குள் சண்டை. குருவானவராக ஆடுபவன் தன் பங்கில் பதிவேடு வைத்திருக்கிறானாம்.

எண்ணிக்கை எடுத்தபோது, அந்த மழையிரவில் வந்த நால்வருள் ஒருவனைக் கண்டோம். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றான். குற்றம் எதுவும் சொல்லவில்லை. இறந்தவனின் பெயரையும், ஊர் சிம்டேகா மாவட்டத்தில் என்பதையும், வயது இருபத்து மூன்று என்பதையும் அவன் சொல்லத் தம்பி எழுதிக்கொண்டான். அந்த ஆண்டின் இறப்புப் பதிவேட்டில் இரண்டு பதிவுகளுக்கு இடையே வரி எதுவும் மிச்சமில்லை. ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். புதைத்த இடம், குரு என்னும் கட்டங்களில் நிரப்ப ஒன்றுமில்லை.

இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இவர்களுக்கென இந்தியில் திருப்பலி தொடங்கியிருக்கிறோம். ஆயினும் பலருக்கு வீட்டுமொழி சாத்ரியும் முண்டாரியும். பாவசங்கீர்த்தனம் கேட்க என் இந்தி போதவில்லை. அம்மொழிகள் அறிந்த குருக்களோ அருள்சகோதரிகளோ இவ்விதழைப் படிக்க நேர்ந்தால், பங்கு இல்லத்துக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன். பயணச் செலவும் பகலுணவும் எங்கள் பொறுப்பு.